அத்தியாயம் 7: பழைய மூடி, புதிய மூடி – மேல்முறையீட்டில் இரண்டு வடிவங்களை ஒப்பிடுவது எப்படி?

காப்புரிமை அலுவலகம் உங்கள் மூடியை நிராகரித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவில் ஒரு பழைய காப்புரிமையின் எண் இருக்கிறது. தேடி எடுத்துப் பார்த்தால், எப்போதோ எந்த நாட்டிலோ யாரோ வாங்கியது. அதில் உள்ள பொருளுக்கும் உங்கள் தொழிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “இதுவும் அதுவும் ஒன்றா?” என்று கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தை அப்படியே பக்கம் பக்கமாக எழுதி மேல்முறையீட்டு மனுவாக்கினால் காசும் காலமும்தான் வீணாகும்.

உங்கள் மனதில் ஓடும் ஒப்பீடு வேறு, நீதிமன்றத்தில் நடக்கும் ஒப்பீடு வேறு. நீங்கள் கையில் இருக்கும் மூடியையும் பழைய படத்தில் இருக்கும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். நீதிபதியோ உங்கள் மூடியைப் பார்ப்பதில்லை. மேசைமேல் கொண்டுபோய் வைத்தாலும் ஓரமாக நகர்த்திவிடுவார். அவர் படிப்பது உங்கள் விண்ணப்பத்தின் கடைசியில் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும் உரிமைக்கோரல் வாசகத்தை. ஏஜெண்டுகள் அதை ‘கிளெய்ம்’ என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். அந்த வாசகத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆவணத்தில் ஒரு பொருள் பதிலாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. எல்லாச் சொல்லுக்கும் பதில் கிடைத்துவிட்டால் உங்கள் மூடி எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் புதுமை இல்லை.

பாப்கார்ன் கூம்பும் எண்ணெய் டின் மூக்கும்

மூடி விஷயத்தில் மேல்முறையீடு செய்ய நினைப்பவர்களை நான் முதலில் படிக்கச் சொல்வது அமெரிக்காவின் ஷ்ரைபர் வழக்கை. 1997 அக்டோபரில் பெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகள் போய்ச் சேரும் நீதிமன்றம் அது. தீர்ப்பு சின்னது, மொழியும் கரடுமுரடு இல்லாதது. ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம்.

ஷ்ரைபர் கேட்டது பாப்கார்ன் டப்பாவின் வாயில் பொருத்தும் ஒரு கூம்பு மூடிக்கு. அகன்ற முனை டப்பாவின் வாயைக் கவ்விக்கொள்ளும், குறுகிய முனை திறந்திருக்கும். டப்பாவைச் சாய்த்துக் குலுக்கினால் பொரிகள் கூம்பின் சரிவில் ஒன்றையொன்று நெருக்கி, முனைக்கு வருவதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு குலுக்கலுக்கு நாலைந்து பொரி மட்டும் வெளியே விழும். தனியாகத் தடுப்போ வால்வோ எதுவும் கிடையாது, சரிவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எளிமையான யோசனை. படம் பார்த்துக்கொண்டே பாப்கார்ன் கொறித்து மடியெல்லாம் சிந்திய எவருக்கும் இதன் அருமை தெரியும்.

ஆய்வாளர் எடுத்துப் போட்டது ஹார்ஸ் என்பவரின் சுவிட்சர்லாந்துக் காப்புரிமை, எண் 172689. டின்களுக்குப் பொருத்தும் மூக்கு அது. கூம்பாகக் குறுகிப்போகும், எண்ணெய் டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றுவது போன்ற வேலைகளுக்கு உதவும் என்கிறது அந்த ஆவணம். பாப்கார்ன் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் ஷ்ரைபரின் கூம்பு ஹார்ஸின் மூக்கிலேயே அடங்கிவிட்டது, புதுமை இல்லை என்று ஆய்வாளர் எழுதினார். காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்றது. நீதிமன்றமும் ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரைசன். நீதிபதி பாலின் நியூமன் உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

இது எப்படி நடந்தது என்று பார்க்க ஷ்ரைபரின் கிளெய்மைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் வழக்கிலும் முதல் வேலை இதுதான். ஒரு முழுத்தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் கிளெய்மின் ஒவ்வொரு கூறும், இரண்டாவதில் பழைய ஆவணத்தில் அதற்கு இணையான இடம், மூன்றாவதில் உங்கள் பதில். ஷ்ரைபரின் கிளெய்மை இப்படி எழுதினால் முதல் பத்தியில் வருபவை: பொதுவாகக் கூம்பு வடிவம், இரு முனையிலும் திறப்பு, சிறிய முனையின் திறப்பு ஒரே சமயத்தில் பல பொரிகள் போகுமளவு, பெரிய முனையில் கொள்கலனின் வாயைப் பற்றிக்கொள்ள ஒரு வழி, சீரான சரிவு, அந்தச் சரிவு தானாகவே பொரிகளை அடைக்கச் செய்து, ஒரு குலுக்கலுக்குச் சில பொரிகளை மட்டும் விடுவது.

இப்போது இரண்டாவது பத்தியை நிரப்புங்கள். கூம்பு இருக்கிறது. இரு முனைத் திறப்பும் இருக்கிறது. டின்னைப் பிடிக்கும் வழியும் சீரான சரிவும் இருக்கின்றன. பொருளின் அமைப்பைச் சொல்லும் கூறுகள் எல்லாம் ஹார்ஸில் கிடைத்துவிட்டன. மிச்சம் நிற்பவை இரண்டு: பல பொரி போகுமளவுத் திறப்பு, பொரிகள் அடைத்துக்கொள்ளும் சரிவு. இரண்டுமே மூடி எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, என்ன செய்கிறது என்று சொல்கின்றன. வழக்கு முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான் ஓடியது.

செயலைச் சொல்லி உரிமை கேட்கக் கூடாதா? கேட்கலாம். அமைப்பைச் சொல்லியும் கேட்கலாம், செயலைச் சொல்லியும் கேட்கலாம் என்று இந்தத் தீர்ப்பே சொல்கிறது. ஆனால் செயலைச் சொல்லிக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பழைய பொருளின் அமைப்பைப் பார்த்தால் அதுவும் அந்தச் செயலைச் செய்யக்கூடியதுதான் என்று நம்ப அலுவலகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், “செய்யாது” என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரர் தலையில் வந்து விழும். 1971-ல் ஸ்வைன்ஹார்ட் வழக்கில் வந்த விதி இது. பழைய ஆவணத்தை எழுதியவருக்கு அந்தச் செயல் தோன்றியதா, அவர் அதை எழுதினாரா என்பதெல்லாம் இங்கே பொருட்டில்லை. பொருள் செய்யுமா, செய்யாதா? அதுதான் கேள்வி.

ஷ்ரைபர் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தார். எண்ணெய் மூக்குக்கும் பாப்கார்ன் கூம்புக்கும் உள்ள வேறுபாட்டை வாதாடினார். அது போதவில்லை. ஹார்ஸின் படத்தில் இருப்பதும் ஷ்ரைபரின் படத்தில் இருப்பதும் பொதுவில் ஒரே வடிவம். ஷ்ரைபரின் கிளெய்மில் அளவு எதுவும் இல்லை, கோணம் இல்லை, விட்டம் இல்லை. அப்படியிருக்க, ஹார்ஸின் கூம்பு பாப்கார்னுக்கு ஒத்துவராத அளவு என்று எதை வைத்துச் சொல்வது? சின்ன டின்னுக்குச் சின்ன மூக்கு, பெரிய டின்னுக்குப் பெரிய மூக்கு. ஹார்ஸும் அளவைக் கட்டிப்போடவில்லை, ஷ்ரைபரும் கட்டிப்போடவில்லை.

“எங்கள் துறையே வேறு, எண்ணெய் டின் செய்கிறவன் எங்கே, தின்பண்ட டப்பா செய்கிறவன் எங்கே” என்ற வாதமும் எடுபடவில்லை. புதுமை இருக்கிறதா என்று பார்க்கும்போது துறை ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கிளெய்மின் எல்லாக் கூறும் ஒரே ஆவணத்தில் இருந்தால், அது விவசாயக் கருவியாக இருந்தாலும் அறுவைசிகிச்சைக் கருவியாக இருந்தாலும் புதுமை போய்விட்டது. துறை வேறு என்ற வாதத்துக்கு இடம் அடுத்த படியில், அதாவது கண்டுபிடிப்புத் திறன் பற்றிய கேள்வியில். அங்கே, “இந்தத் தொழிலில் இருப்பவன் அந்த மூலையில் போய்த் தேடியிருப்பானா?” என்று கேட்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே வாதத்தை வைக்கும் மனுக்கள் முதல் இடத்தில் நம்பகத்தை இழந்துவிட்டு இரண்டாம் இடத்துக்கு வருகின்றன.

நியூமனின் மாறுபட்ட தீர்ப்பைப் புறக்கணிக்க வேண்டாம். கிளெய்மில் சொன்ன ஒவ்வொரு கூறும் பழைய ஆவணத்தில் இருந்தால்தான் புதுமை இல்லை என்று சொல்ல முடியும். எண்ணெய் ஊற்றும் மூக்கு பாப்கார்ன் வழங்கும் மூடி ஆகிவிடாது என்பது அவர் நிலை. மனிதருக்குப் புரியும் வாதம் அது. ஆனாலும் என் பார்வையில் பெரும்பான்மையின் முடிவே சரி. நாளைக்கு யாராவது ஹார்ஸின் மூக்கைச் சற்றுப் பெரிதாகச் செய்து கடையில் விற்றால், ஷ்ரைபருக்குக் காப்புரிமை கொடுத்திருந்த பட்சத்தில் அவரால் அதைத் தடுத்திருக்க முடியும். பழையதை விற்பவனைத் தடுக்கும் உரிமையை எந்த அலுவலகமும் கொடுக்கக் கூடாது. உங்கள் கிளெய்மை எழுதி முடித்ததும் இதே சோதனையைப் போட்டுப் பாருங்கள்: பழைய ஆவணத்தில் இருப்பதை அப்படியே செய்து விற்பவன் உங்கள் வாசகத்துக்குள் சிக்குகிறானா? சிக்கினால் வாசகம் தப்பு.

எதற்காக என்ற சொல்லுக்கு எவ்வளவு பலம்?

அப்படியானால் “பாப்கார்னுக்கான”, “மிளகுத்தூளுக்கான” என்பதெல்லாம் வெறும் அலங்காரமா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வு வழிகாட்டி நெறிகளில் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. உருகிய எஃகுக்கான அச்சு என்று ஒருவர் கேட்கிறார். பிளாஸ்டிக் ஐஸ் தட்டும் ஒரு வகை அச்சுதான், ஆனால் எஃகை ஊற்றினால் உருகிவிடும். ஆகவே ஐஸ் தட்டைக் காட்டி அந்தக் கிளெய்மை மறுக்க முடியாது. அதேபோல, கிரேனுக்கான கொக்கி என்றால் மீன்தூண்டில் முள்ளைக் காட்ட முடியாது. வடிவம் ஒன்றாக இருக்கலாம், பளுவைத் தாங்காது.

இதிலிருந்து மூடிக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பயன்பாட்டைச் சொல்லும் சொல் பொருளின் உடலில் ஏதாவது மாற்றத்தைக் கட்டாயப்படுத்தினால் மட்டுமே அதற்குப் பலம் உண்டு என்பது. “சோடா பாட்டிலுக்கான மூடி” என்றால் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும், சாதாரண ஊறுகாய் பாட்டில் மூடி அதைத் தாங்காது என்று காட்டலாம். “சூடாக நிரப்பும் சாறுக்கான மூடி” என்றால் அந்த வெப்பத்தில் நெளியாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். “தேனுக்கான மூடி” என்று மட்டும் சொன்னால்? எண்ணெய்க்குச் செய்த மூடியிலும் தேன் ஒழுகத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு மூடியை அருகில் வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மூடியை எடுத்துக்கொள்வோம், மசாலாத்தூள் டப்பாவுக்கானது. அடியில் மரை, டப்பாவின் கழுத்தில் திருகுவதற்கு. மேலே ஒரு தட்டு, அதில் ஏழெட்டு ஓட்டைகள். தட்டின் விளிம்பில் மெல்லிய கீலோடு ஒரு மடல். மூடியும் மடலும் ஒரே வார்ப்பில் வந்தவை. மடலின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக ஒரு குட்டி முளை. மடலை அழுத்தினால் முளைகள் ஓட்டைகளுக்குள் இறங்கி, ஈரத்தில் கட்டிபட்டு அடைத்திருக்கும் தூளைக் கீழே தள்ளிவிடும். இதுதான் கண்டுபிடிப்பு.

கிளெய்மில், “மடலின் அடியில் ஓட்டைகளின் அடைப்பை நீக்கும் முளைகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வாளர் ஒரு பழைய பவுடர் டப்பா மூடியைக் காட்டுகிறார். அதிலும் மடல், மடலில் முளைகள். அவை ஓட்டைகளை இறுக்கமாக அடைப்பதற்கு, ஈரம் புகாமல் இருப்பதற்கு என்று அந்த ஆவணம் சொல்கிறது. அடைப்பை நீக்குவது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் துள்ளிக் குதிக்கிறீர்கள்: “நோக்கமே வேறு!” ஷ்ரைபரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் இறங்கும் முளை, வழியில் இருக்கும் தூளைத் தள்ளாமல் எப்படி இறங்கும்? அதை எழுதியவர் கவனித்தாரோ இல்லையோ, அது நடக்கிறது. இந்த வாதத்தோடு மேல்முறையீட்டுக்குப் போகாதீர்கள்.

வேறு எங்கே பிடி கிடைக்கும்? படத்தை மறுபடி பாருங்கள். பழைய மூடியில் முளையின் நுனி தட்டின் அடிப்பரப்போடு சமமாக நின்றுவிடுகிறது என்றும், அந்த ஆவணத்தின் விளக்கமும் “தட்டின் தடிமனுக்குச் சமமான நீளம்” என்று சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் முளை அதைவிட நீளம். தட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு, ஓட்டைக்குக் கீழே பாலம்போல் கட்டிக்கொண்டிருக்கும் தூளையும் உடைக்கிறது. இதுதான் வேறுபாடு. “தட்டின் தடிமனைவிட நீளமானதும், மடல் மூடிய நிலையில் தட்டின் அடிப்பரப்பைத் தாண்டிக் கொள்கலனுக்குள் நீண்டிருப்பதுமான முளைகள்” என்று எழுதினால் மூன்றாவது பத்தியில் எழுத உங்களுக்கு ஒரு வரி கிடைத்துவிடுகிறது. புதுமை நின்றுவிடும். பிறகு, நீளத்தைக் கூட்டுவது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று அடுத்த கேள்வி வரும். அப்போதுதான் உங்கள் நோக்கம், அடைப்பை நீக்குவது, பேச்சுக்கு வருகிறது. பழையவருக்கு முளையை நீட்ட எந்தக் காரணமும் இல்லை. இறுக்கமாக அடைக்கத் தட்டளவு போதும், நீட்டினால் மடல் மூடும்போது இடிக்கும். நோக்கத்தைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது.

மேலே “விளக்கமும் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்” என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. காப்புரிமைப் படங்கள் அளவுகோலுக்கு வரைந்தவை அல்ல. ஸ்கேலை வைத்துப் படத்தில் மில்லிமீட்டர் அளந்து வாதாட முடியாது. விளக்கத்தில் அளவோ விகிதமோ சொல்லப்படாதபோது படத்தின் விகிதாசாரத்துக்கு மதிப்பில்லை என்று அதே பெடரல் சர்க்யூட் 2000-ல் ஒரு காலணி வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. படம் காட்டும் வடிவம் சாட்சி ஆகும்: கீல் எந்தப் பக்கம், முளை உண்டா இல்லையா, கூம்பா உருளையா. அளவு சாட்சி ஆகாது. இந்த விதி இருபக்கமும் வெட்டும். ஆய்வாளர் படத்தை அளந்து உங்களை மறுத்திருந்தால் அதை எதிர்க்கவும் இதே விதி கைகொடுக்கும்.

செய்து காட்டுவது

பாரம் உங்கள் தலைக்கு மாறிவிட்டது என்று தெரிந்தால் வாயால் வாதாடுவதை நிறுத்திவிட்டுப் பழைய மூடியைச் செய்து பாருங்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு இது பெரிய செலவும் இல்லை. பழைய ஆவணம் சொன்னபடி, அதில் சொல்லாததை நீங்களாகக் கூட்டாமல், உங்களுக்குச் சாதகமாகக் குறைக்காமல் செய்ய வேண்டும். ஆய்வாளர் எந்தப் படத்தை நம்பினாரோ அந்தப் படத்தையே செய்யுங்கள். ஒரே ஆவணத்தில் நாலைந்து வடிவங்கள் இருக்கும். தனக்குத் தோதான ஒன்றைச் செய்து சோதித்துவிட்டு, உத்தரவில் சொன்ன வடிவத்தைத் தொடாமல் விட்டால் அந்த வாக்குமூலம் குப்பைக்குத்தான் போகும். எத்தனை அளவுகளில் செய்தீர்கள், என்ன பொருளை நிரப்பினீர்கள், எத்தனை முறை குலுக்கினீர்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு விழுந்தது என்பதைப் பட்டியலாக்கிப் புகைப்படத்தோடு பிரமாணப் பத்திரத்தில் சேருங்கள். “என் அனுபவத்தில் இது வேலை செய்யாது” என்ற ஒற்றை வரிக்கு எந்த நாட்டிலும் எடை இல்லை.

இதையெல்லாம் அலுவலகத்தில் விசாரணை நடக்கும்போதே செய்துவிட வேண்டும். மேல்முறையீடு என்பது கீழே பதிவான ஆவணங்களைப் பார்த்துத் தீர்ப்பது. ஷ்ரைபர் வழக்கு நடந்த காலத்தில், புதுமை இல்லை என்ற முடிவை உண்மை பற்றிய முடிவாகவே அமெரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்டது; வாரியம் கண்ட உண்மை தெளிவாகத் தப்பாக இருந்தால் ஒழிய அதில் தலையிடாது. நீதிபதிக்கே வேறு கருத்து இருந்தாலும் அது போதாது.

ஷ்ரைபரின் வாசகத்தை வேறு எப்படி எழுதியிருக்கலாம்? சரிவுக் கோணத்துக்கு ஒரு வரம்பு, சிறு முனையின் விட்டத்துக்கும் பெரிய முனையின் விட்டத்துக்கும் ஒரு விகிதம் சொல்லியிருக்கலாம். அல்லது மூடியை மட்டும் கேட்காமல், பாப்கார்ன் நிரப்பிய கொள்கலனும் அதன்மேல் பொருத்திய கூம்பும் சேர்ந்த தொகுதியைக் கேட்டிருக்கலாம். அப்போது எண்ணெய் டின் ஒன்றை மட்டும் காட்டிப் புதுமையை மறுக்க முடியாது. சண்டை கண்டுபிடிப்புத் திறனுக்கு மாறியிருக்கும். அங்கே ஜெயித்திருப்பாரா என்பது வேறு விஷயம், ஆனால் “துறை வேறு” என்ற வாதமாவது உயிரோடு இருந்திருக்கும். அமெரிக்காவில் இன்னொரு வழியும் உண்டு. பழைய பொருளின் புதிய பயன்பாட்டைச் செய்முறையாகக் கேட்கலாம். இந்தியாவில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. தெரிந்த செய்முறை, இயந்திரம், சாதனம் ஆகியவற்றின் வெறும் பயன்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி). மருந்து வழக்குகளால் பிரபலமான பிரிவு. மூடிக்காரர்களையும் தொடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் மூடியே உங்களுக்கு எதிரி ஆகும்போது

ஷ்ரைபருக்கு மறு ஆண்டு, 1998 டிசம்பரில், அதே நீதிமன்றம் வெதர்கெம் எதிர் ஜே.எல். கிளார்க் வழக்கைத் தீர்த்தது. மசாலா டப்பாக்களுக்கான மடல் வைத்த பிளாஸ்டிக் மூடிகள் பற்றியது. அதில் ஒரு காப்புரிமை செல்லாமல் போனதற்கு ஒரு காரணம் போட்டியாளரின் பழைய மூடி அல்ல, காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் சொந்த விற்பனை. அன்றைய அமெரிக்கச் சட்டம் விண்ணப்பத்துக்கு முன்பு ஓராண்டு அவகாசம் தந்தது. அந்த ஓராண்டுக்கும் முன்பே மூடிக்கு விற்பனை ஒப்பந்தம் ஆகியிருந்தது. முழுமையான வரைபடங்களும் கையில் இருந்தன. வணிக நோக்கிலான விற்பனைப் பேச்சும், காப்புரிமைக்குத் தயாரான நிலையும் சேர்ந்தால் போதும், பொருள் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை என்று அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பஃப் வழக்கில் சொல்லியிருந்தது.

இந்தியாவில் அந்த ஓராண்டு அவகாசமும் பொதுவாகக் கிடையாது. அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிஞர் சங்கத்தில் கட்டுரை வாசித்தது போன்ற சில நிலைகளுக்கு மட்டும் பன்னிரண்டு மாதம் உண்டு. அச்சு செய்யும் பட்டறைக்கு வரைபடம் கொடுக்கும்போதே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். மாதிரி மூடியை வாடிக்கையாளருக்கு அனுப்பி விலை சொல்வதற்கு முன்பு தற்காலிக விவர அறிக்கையையாவது தாக்கல் செய்துவிடுங்கள்.

பழையதைத் தேடும்போது

மூடி என்பது மிகப் பழைய தொழில். சோடா பாட்டிலின் கிரவுன் மூடிக்கு வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கியது 1892-ல். குழந்தைகள் திறக்க முடியாத, அழுத்தித் திருகும் மருந்து மூடி கனடாவில் 1967-ல் வந்தது. ஆகவே “உலகத்திலேயே முதல்முறை” என்று நம்புவதற்கு முன் தேடுங்கள். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் கொள்கலன்களும் மூடிகளும் பி65டி என்ற தலைப்பில் வருகின்றன. சாதாரண மூடிகளுக்கு பி65டி 41, ஊற்றும் அமைப்புள்ள மூடிகளுக்கு 47, குழந்தைக் காப்பு மூடிகளுக்கு 50, தனிவகை வழங்கும் கொள்கலன்களுக்கு 83. கீல் வைத்த ஊற்று மூடி என்றால் 47/08-ல் தொடங்கலாம். ஆனால் ஷ்ரைபரை வீழ்த்தியது எண்ணெய் டின் மூக்கு. எனவே உங்கள் பண்டத்தின் பெயரை விட்டுவிட்டு வடிவத்தின் பெயரில் ஒருமுறை தேடுங்கள்: கூம்பு, மடல், முளை, பிளவு வைத்த சிலிக்கான் வால்வு.

மூடியின் தோற்றம்தான் உங்கள் சொத்து, அது வேலை செய்யும் விதம் அல்ல என்றால் காப்புரிமை வேண்டியதில்லை. 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். முதலில் பத்து ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு நீட்டிப்பு. ஆனால் அங்கே ஒப்பீடு கண்ணால் நடப்பது. கட்டுமான முறைக்கும் வெறும் இயந்திர அமைப்புக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்பு தராது. இரண்டையும் குழப்பி, காப்புரிமை மனுவில் “பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கிறது” என்று எழுதுவதில் பயனில்லை.

மேல்முறையீடு செய்ய முடிவெடுத்தால்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரித்த தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 117ஏ-யின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்த விண்ணப்பம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு.

மனு எழுதுமுன் மூன்று பத்தித் தாளை எடுத்து வையுங்கள். மூன்றாவது பத்தியில் பொருளின் உடலில் உள்ள வேறுபாடு ஒன்றாவது எழுத முடிகிறதா? முடிந்தால் அதை மட்டும் முன்னிறுத்துங்கள், மற்ற பதினைந்து வாதங்களை விட்டுவிடுங்கள். காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் உங்கள் கிளெய்மைக் கூறு கூறாகப் பழைய ஆவணத்தோடு பொருத்திக் காட்டாமல், காரணம் சொல்லாமல் நிராகரித்திருந்தால் அது தனிப் பலம். அப்படிப்பட்ட உத்தரவுகளை ரத்து செய்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிய தீர்ப்புகள் உண்டு. வேறுபாடு விண்ணப்பத்தின் விளக்கத்தில் இருக்கிறது, கிளெய்மில் இல்லை என்றால் திருத்தம் கேளுங்கள். ஆனால் பிரிவு 59-ன்படி திருத்தம் உரிமையைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. முதலில் தாக்கல் செய்த விவர அறிக்கையில் இல்லாத எதையும் பிறகு நுழைக்கவும் முடியாது. முளையின் நீளத்தை அன்றைக்கே எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு எந்த வக்கீலாலும் சேர்க்க இயலாது.

புதுமை தப்பினாலும் கண்டுபிடிப்புத் திறன் பற்றிய கேள்விக்குத் தயாராக இருங்கள். பாத்திரம் கடைசல் பிடிக்கும் கருவி பற்றிய பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் 1978 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்: பட்டறையில் வேலை தெரிந்தவன் செய்யக்கூடிய சாதாரண மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது.

மூன்றாவது பத்தி காலியாகவே இருந்தால் மேல்முறையீட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை அடுத்த மூடிக்கான அச்சில் போடுங்கள். காலியாக இல்லையென்றால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள்: கட்டுப்பாட்டாளரின் உத்தரவுத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு தாக்கலாக வேண்டும். அதற்குமேல் அவகாசம் தருவது நீதிமன்றத்தின் விருப்பம்.